பாதி விதைக்கிறவள்

மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டே போகிறவள், இடையிடையே ஒரு குழியில் தட்டப்பயறைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடுகிறாள். விதைச் சோளத்தில் பாதி இன்னும் வீட்டில் தகர டின்னில்தான் இருக்கிறது. கேட்டால், "இந்த மழையை நம்பி மொத்தத்தையும் கொட்டச் சொல்றியா? நல்லாயிருக்கே கதை!" என்பாள். ஆடுகளில் பாதி அவள் கொட்டகையில், பாதி நாத்தனார் கொட்டகையில்; நோய் வந்தால் ஒரு வீட்டோடு நிற்கட்டும் என்று. தக்காளியில் பாதியை விடிந்ததும் மொத்த வியாபாரியிடம் தள்ளிவிட்டு, மீதியோடு சாலையோரம் குடை விரித்து உட்காருவாள்.

ஊரில் அவளுக்கு 'பாதி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"பாதி வருது. மீதி எங்கம்மா?" என்று டீக்கடையில் ஒருவன் இழுப்பான்.

"உன் பொண்டாட்டிகிட்ட வத்தி வைக்கப் போயிருக்கு. ஓடு!" என்று நடையைக் குறைக்காமல் சொல்லிவிட்டுப் போவாள்.

இலை சுருண்டு எல்லார் தக்காளியும் படுத்த வருஷம், கேலி பேசியவர்களே அவளிடம் வந்து பயறு வாங்கினார்கள். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. தையற்கடை வைத்திருக்கும் அவள் அண்ணன்தான், அளவு கொடுக்க வருகிறவர்களை நிற்கவைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒற்றை மாட்டைப் பாதியாக்க முடியவில்லை.

செவலைப் பசுவுக்குச் சினை ஊசி போட்டிருந்தது. அதன் பிறகு பருவத்துக்குக் கத்தவில்லை. மாட்டு டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சினை மாதிரிதான் தெரியுது. அடுத்த மாசம் பார்த்து உறுதியாச் சொல்றேன்" என்றார். அடுத்த மாதம்வரை போட வைக்கோல் இல்லை. தீனி வாங்க ஆடுகளை விற்க வேண்டும்; சினை இல்லையென்றால் அதுவும் வீண். சினையோடு மாட்டை விற்றுவிட்டால் வீட்டுக்கு வரவேண்டிய பால் மொத்தமும் போச்சு.

இன்று காலை மாட்டுத் தரகர் வண்டியோடு வந்து நின்றார்; டிரைவர் இஞ்சினை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தான். டாக்டர் சொன்னதை அவள் தரகரிடம் சொன்னாள்.

"மாதிரியாம்! மாதிரி வந்து பால் கறக்குமா? வெறும் வயிறும்மா இது. ஏத்தவா, வேணாமா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "உன் மாடு, உன் முடிவு. அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்று அவர் முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டார்.

"அண்ணா, நீயாவது சொல்லேன்" என்று பக்கத்தில் நின்ற அண்ணனிடம் திரும்பினாள்.

"வித்துடு" என்றார் அண்ணன். மாடு திரும்பி அவரைப் பார்த்தது. "இல்ல... இரு. ஏன், வச்சுக்கயேன்" என்றார்.

"நல்ல குடும்பம்! ஒருத்தருக்கும் ஒரு சொல் கிடையாது" என்று தரகர் வண்டியின் பின்கதவை இறக்கினார். "வெயில் ஏறுது தாயி."

அவள் மாட்டின் வலது விலாவில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. கன்றா, இரையா, தெரியவில்லை. காதை இன்னும் தாழ்த்தி அழுத்திக்கொண்டாள். பிறகு, தலையை எடுக்காமலே ஒரு கையை மட்டும் டிரைவர் பக்கம் நீட்டிச் சொன்னாள்:

"அந்த இஞ்சினை அணைப்பா. ஒண்ணும் கேக்கல."