கார்த்திகை ஒன்றாம் தேதி நிறுத்திய மாத்திரை

என் இடது காலை நானே அடித்திருக்கிறேன். முதலில் கையால், பிறகு பித்தளைச் சொம்பால். இந்த வலியாவது நானாகக் கொடுத்தது என்று ஒரு அற்பத் திருப்தி. கால் அதற்கெல்லாம் மசியவில்லை.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஷிப்டு பார்த்தவன் நான். இடுப்பில் டிஸ்க் விலகி ஆபரேஷன் ஆனது. எலும்பு சரியானது, நரம்பு சரியாகவில்லை. இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ உருவி உருவிச் செருகுகிற மாதிரி வலி. அதற்கு டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாத்திரை வேலை செய்த அன்று சந்தோஷத்தில் அழுதேன். மூன்று வருஷத்தில் நாளைக்கு ஒன்று என்பது ஆறானது. வலி போனதா என்றால் இல்லை. மாத்திரை ஒரு வேளை தவறினால் உடம்பே என்னை அடிக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான் கண்ட பலன்.

மகள் பிளஸ் டூ சேர்ந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் எதிரிலேயே நான் வாயில் எச்சில் ஒழுகத் தூங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. வலியோடு கூட வாழ்ந்துவிடலாம், அவள் பேசாமல் என்னால் முடியவில்லை.

தாம்பரத்தில் வலிக்கென்றே ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பதினைந்து நாளைக்கு அரை மாத்திரை வீதம் குறைக்கச் சொன்னார். "திடீர்னு மட்டும் நிறுத்தவே கூடாது சார்" என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரைப் பட்டைகளை என் மனைவியிடம் ஒப்படைத்தார். அவள் பிளேடால் வெட்டித் தருவாள், நான் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுபது பேரை மேய்த்த சூப்பர்வைசருக்கு இது பொறுக்குமா? இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பழக்கத்தை விடுவதானாலும் ஒரே வழிதான். கார்த்திகை ஒன்றாம் தேதி மலைக்கு மாலை போட்டுவிடுவது. கழுத்தில் மாலை விழுந்தால் குடி நிற்கும், பீடி நிற்கும். நான் சிகரெட்டை விட்டது அப்படித்தான். அதே கணக்கில் மாத்திரையையும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மகளிடம், "உன் பரிட்சைக்குள்ள பழைய அப்பாவா வந்துடுறேன்" என்றேன். "நிஜமாவாப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. அதற்காக எதையும் செய்வேன் என்று நினைத்தேன்.

எங்கள் பொழிச்சலூர் கோயிலில் குருசாமி மாலை போட்டுவிட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக்காரர். மாத்திரை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமிருந்து பட்டைகளை வாங்கி, மாத்திரைகளை எல்லாம் பிரித்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சாமி?" என்றாள் மனைவி. மாலை போட்டவரை வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"ஐயப்பனை விட டாக்டர் பெரிய ஆளா?" என்று ஒரே போடாகப் போட்டேன்.

முதல் நாள் கொட்டாவி. தாடை கழன்றுவிடும் போலத் தொடர்ந்து கொட்டாவி. இரண்டாம் நாள் மூக்கும் கண்ணும் ஒழுகின, வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. விரதம் என்று விடியலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டபோது ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி இறங்கியது. செருப்பு போடக் கூடாது. வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தால் இடது பாதம் கண்ணாடித் தூளில் நடந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் கால்கள் தாமாக உதைத்தன. சுவரை உதைத்தேன். பீரோவை உதைத்துக் கண்ணாடியை உடைத்தேன். சரணம் சொல்ல வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியபோது அந்த வீட்டுக்காரரைக் கொன்றுவிட வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியது.

மூன்றாம் நாள் காலை மனைவி மெல்லச் சொன்னாள். "ஒரு பட்டை எடுத்து வெச்சிருக்கேன். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு அரை மாத்திரை போட்டுக்குங்க சாமி."

மாலை, விரதம், மகளுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் அந்த நிமிஷமே காற்றில் போயிற்று. பட்டை இருக்கிறது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"எங்கடி?"

"போன் பண்ணிட்டுத் தரேன்."

தலைமுடியைப் பிடித்தேன். ஃபிரிட்ஜ் கதவில் அவள் தலையை மோதினேன், இரண்டு தடவை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இருபது வருஷத்தில் அவளை நான் கை நீட்டி அடித்ததில்லை. இப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை. மகள் ஓடிவந்து நடுவில் புகுந்தாள்.

"சாமி, அம்மாவ விடுங்க சாமி" என்றாள். அந்த நேரத்திலும் அவள் மரியாதை தவறவில்லை.

பிடித்துத் தள்ளினேன். சமையல் மேடை விளிம்பில் அவள் வலது கை மோதியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். அதற்குள் மனைவியின் முந்தானை முடிச்சில் பட்டை என் கண்ணில் பட்டுவிட்டது. பிடுங்கினேன். மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினாள். நான் அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பல்லால் பட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாத்திரை விழுங்கிய பிறகுதான் அவள் பக்கம் திரும்பினேன்.

அவர்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பில் விரிசல். அங்கிருந்து அப்படியே கூடுவாஞ்சேரியில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாவு விழுந்த வீட்டில்தான் மாலையை நடுவில் கழற்றுவார்கள். குருசாமி வந்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்து, கேள்வி கேட்காமல் கழற்றினார். "முதல்ல டாக்டரைப் பாருங்க. மலை அங்கேயேதான் இருக்கும்" என்றார்.

"இது சிகரெட் இல்ல சார். விடணும்னா மெதுவாத்தான் விடணும்" என்றார் டாக்டரம்மா. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்து, நரம்புக்கு வேறு மருந்து கொடுத்து, பொறுமையாக இறக்கினார். ஒரு மாதம் கழித்து மனைவி திரும்பி வந்தாள், மகளையும் அழைத்துக்கொண்டு. வெட்டித் தரும் மாத்திரைக்காக மறுபடி அவளிடம் கையேந்தினேன். இந்தத் தடவை வெட்கமாக இல்லை, பயமாக இருந்தது. இப்போது காலையில் அரை, மாலையில் அரை. வலி இருக்கிறது. இருக்கும்.

மகள் கை சரியாகிப் பரிட்சை எழுதினாள், நல்ல மார்க். என்னிடம் பேசினாள், சாப்பிட்டாச்சா, கால் எப்படி இருக்கு என்று நாள் தவறாமல் கேட்டாள். பழைய அப்பாவாகிவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிப் பட்டியல் போடும் நாள். பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் இன்ஜினியரிங் காலேஜ். அவள் மார்க்குக்கு நல்லதாகவே கிடைக்கும். திரையில் பார்த்தேன். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, மறுபடி கோயம்புத்தூர். கடைசி வரை நகர்த்திப் பார்த்தேன். பொழிச்சலூரிலிருந்து போய்வருகிற தூரத்தில் ஒன்றுகூட இல்லை.

"வீட்டிலிருந்து போற மாதிரி ஒண்ணாவது போடலாமேம்மா."

"ஹாஸ்டல் இருக்குப்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பட்டியலை உறுதிசெய்ய ஓடிபி என் போனுக்கு வந்தது. அவள் விரல்களை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தாள். ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.