பாட்டுப் போட்டியில் படி தள்ளிய காலம்

மேடை வேலை செய்கிறவனைச் சபை கவனித்துவிட்டால், அவன் எங்கேயோ பிழை விட்டுவிட்டான் என்று அர்த்தம். கலியாண வீட்டில் கதிரை அடுக்கியவர்களுக்கும், திருவிழாவில் பந்தல் கட்டியவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும். தொண்ணூறுகளின் நடுவில், ஜேர்மனியில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு நகர மண்டபத்தில் எனக்கு அந்த வேலை. மன்னாரிலிருந்து வந்தவன், டொச் பாஷை அரைகுறை, தோள் மட்டும் பலம். வருடத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே பள்ளிக்கூடங்களுக்கிடையில் பாட்டுக் குழுப் போட்டி நடக்கும். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நின்று பாடாத கூட்டம்

பாட்டுக் குழு என்றால் எனக்குத் தெரிந்தது ஊரில் மாதா கோயிலில் பூசைக்குப் பாடுகிற குழுதான். ஆடாமல் அசையாமல் நின்று பாடுவார்கள். அந்த நினைப்பில், பிள்ளைகள் ஏறி நிற்கிற மூன்று தட்டுப் படிமேடையை முதல் வருடம் சாதாரணமாகத்தான் பொருத்தி வைத்தேன். முதல் பள்ளிக்கூடம் ஏறியது. அறுபது பிள்ளைகள், ஒரே நிறச் சட்டை. முதல் வரியைப் பாடினார்கள். இரண்டாம் வரியில் அறுபது பேரும் ஒன்றாகக் குதித்தார்கள்! அமெரிக்காவில் ஒரு வருடம் படிப்பித்துவிட்டு வந்த வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த பழக்கமாம். பாடிக்கொண்டே ஆடவேண்டும், இரண்டுக்கும் புள்ளி.

படிமேடை முனகியது. நான் பின்னால் ஓடிப்போய் அதன் இரும்புக்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். மூன்று பாட்டும் முடியும்வரை விடவில்லை. இருபது வருடமாக அந்த மண்டபத்திலேயே வேலை செய்த கோவால்ஸ்கி வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது விழாது, கையை விடும். ஆனா நீர் பிடிச்சபடியால்தான் பிள்ளையள் நல்லாப் பாடினவை எண்டு நினைச்சால், அடுத்த பள்ளிக்கூடத்துக்கும் பிடியும்."

ஒட்டின சப்பாத்து

போட்டியின் சட்டம் இதுதான். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் இருபத்தைந்து நிமிடம். சாமான் ஏற்றுவது, பாடுவது, ஆடுவது, நடுவில் உடுப்பு மாற்றுவது, இறக்குவது எல்லாம் அதற்குள் முடியவேண்டும். கூடினால் புள்ளி வெட்டு. பகலில் எல்லோரும் பாடுவார்கள். அதில் நடுவர்கள் தெரிவு செய்கிற ஐந்து பள்ளிக்கூடங்கள் பின்னேரம் திரும்பவும் பாடும்.

இரண்டாம் வருடம், மேடையேற மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு பிள்ளையின் சப்பாத்து அடி வாயைப் பிளந்துவிட்டது. அவள் அழவில்லை, சப்பாத்தை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். வயர் ஒட்டுகிற கறுப்பு நாடாதான் என்னிடம் இருந்தது. காலோடு சேர்த்து, கணுக்கால்வரை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டேன். நன்றாகத்தான் ஆடினாள். அரை மணித்தியாலம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தாள்: "நாங்கள் பின்னேரச் சுற்றுக்குப் போறம். ஆனா இனி இந்தச் சப்பாத்தோடதான் நான் படுக்கவேணுமோ?"

வாசலில் நின்ற தகப்பன்

அதே வருடம் ஒரு குழுவில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று இருந்தது. நிஷா என்று பெயர். அவர்கள் மேடைக்கு வரிசையாய் நிற்கிற நேரம், பக்கவாசலில் தகப்பன் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையுடுப்பைக்கூட மாற்றவில்லை. "பாட்டு எண்டுதான் சொன்னவள். ஆட்டம் எண்டு சொல்லேல்லை. கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றார். நிஷா தூரத்திலிருந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணை, இப்ப ஒராளை எடுத்தால் முழு வரிசையும் குழம்பும். ஒரு பாட்டை மட்டும் பாருங்கோ. பிறகும் பிடிக்காட்டில் நானே கூட்டிக்கொண்டு வந்து விடுறன்" என்று சொல்லி, திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் அவரை இருத்தினேன். முதல் பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இரண்டாம் பாட்டில் நிஷா தனியாக இரண்டு வரி பாடினாள், இவர் எழும்பிவிட்டார். கடைசிப் பாட்டு முடிந்து சபை கைதட்டும்போது என் தோளைப் பிடித்து உலுப்பினார்: "ஏன் அண்ணை, இவளை நடுவில விடாமல் ஓரத்தில விட்டிருக்கினம்?"

பிறேக்

மூன்றாம் வருடம் பிழை விட்டவன் நான்தான். படிமேடையைத் தள்ளிக்கொண்டு போக அடியில் ஆறு சில்லு, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பிறேக். ஐந்தைத்தான் போட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடம் இரண்டாம் பாட்டில் குதித்தபோது படிமேடை ஒரு சாண் நகர்ந்தது. பாட்டை நடத்திய பிராண்ட் ரீச்சர் கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினார். நான் சபைக்கு முன்னால் ஓடிப்போய்ப் பிறேக்கை மிதித்தேன். ஒருவரும் விழவில்லை. திரும்பவும் முதலிலிருந்து பாடினார்கள். இரண்டு நிமிடம் கூடிவிட்டது.

எனக்கு அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலைக் கடிதம் கிடைத்தால்தான் மன்னாரிலிருக்கிற மனைவியைக் கூப்பிடலாம். கடிதம் தரவேண்டிய மண்டபப் பொறுப்பாளரோ முன்வரிசையில் இருந்தார். "சில்லு பழசு எண்டு சொல்லும்" என்று கோவால்ஸ்கி காதுக்குள் சொன்னார். அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் நடைபாதைக்கு வந்தேன். அங்கே பிராண்ட் ரீச்சர் பிள்ளைகளிடம் "புள்ளி வெட்டுவினம், ஆனா நீங்கள் வடிவாப் பாடினீங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவர்களின் அறைக் கதவைத் தட்டினேன். தெரிந்த டொச்சில் மூன்றே வசனம்: "பிறேக் போட மறந்தது நான். பிள்ளையளில பிழை இல்லை. அந்த இரண்டு நிமிசத்தையும் என்ரை கணக்கில போடுங்கோ."

புள்ளி வெட்டவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் பின்னேரச் சுற்றுக்குப் போனது. கோப்பை கிடைக்கவில்லை, நாலாம் இடம்தான். ஆனால் பேருந்தில் ஏறும்வரை பாடிக்கொண்டுதான் போனார்கள்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் கூப்பிட்டார். சட்டையை இரண்டுதரம் அயர்ன் பண்ணிக்கொண்டு போய், கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றேன். மேசையில் கடிதம் கிடந்தது, கையெழுத்தோடு. நான் அதை எடுக்கப் பயந்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடும். புதுசா ஒராளை வைச்சால் அவரும் ஒருக்கா பிறேக் போட மறப்பார். உம்மிட்டை அந்த ஒருக்கா முடிஞ்சுது."

இத்தனை போட்டிக்கு மேடை போட்டும் சுருதிக்கும் தாளத்துக்கும் வித்தியாசம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்ல ஏலாது, ஆனால் அடுத்த குதிப்பு எந்த வரியில் வரும் என்று கேளுங்கோ, முழங்கால் தானாகவே சொல்லும்.