தலைப்பக்கம் மட்டும் தப்பித்த உரை

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்கள். வேண்டுமென்றேதான்... அதுவும் வாடிக்கையாளரின் கண்ணெதிரிலேயே!

புது வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குச் சோறு போடுவது இந்தப் பத்தி அல்ல. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே மேனுவல் எழுதுகிறேன். எங்கள் டீம் செய்வது ஒரு ஃபைல் சிஸ்டம். கரண்ட் போனாலும் மறக்காத ஒருவகை மெமரி வந்திருக்கிறது. டிஸ்க் வேண்டாம், நேராக அதிலேயே எழுதிக்கொள்ளலாம். படு வேகம். ‘சேவ் ஆயிற்று’ என்று திரையில் வந்துவிட்டால், அடுத்த நொடி பிளக்கைப் பிடுங்கினாலும் ஓர் எழுத்து போகாது — மேனுவலில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று வந்தவர் நளினி மேடம். ஊர் ஊராக ஸ்கேன் சென்டர் நடத்துபவர். இவருடைய ஆர்டர் கிடைக்காவிட்டால் டீமையே கலைத்துவிடுவார்கள் என்று காபி மெஷின் பக்கம் ஒரே பேச்சு.

எங்கள் மேனேஜர் பாஸ்கர், திருப்போரூர்க்காரர். மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். மேடத்துக்காக நீளமான வரவேற்புரை ஒன்று எழுதியிருந்தார். அதையே டெமோ மெஷினில் ஏற்றினார்.

“என் ஸ்பீச்சையே வச்சு டெஸ்ட் பண்ணலாம் மேடம். லேப்டாப்ல இருந்த காப்பியக்கூட அழிச்சிட்டேன். அவ்ளோ நம்பிக்கை!”

சேவ் கொடுத்தார். ‘ஓகே’ என்றது திரை. பிளக்கை ஒரே இழு! மெஷின் இருண்டது. மறுபடி உயிர் கொடுத்து, ஃபைலைத் திறந்தார்.

“பாருங்க மேடம்... அப்படியே கீது!”

முதல் பக்கம் அப்படியேதான் இருந்தது. நளினி மேடம் மவுஸை வாங்கிக் கீழே நகர்த்தினார். ‘எங்கள் ஃபைல் சிஸ்டத்தில் எழுதிய எழுத்து ஒருபோதும்’ — அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

பாஸ்கர் சமாளித்தார். “வோல்டேஜ் பிராப்ளம் மேடம். இந்த ஏரியாவுல அடிக்கடி...”

“வோல்டேஜ் இல்ல சார். நம்ம புரோகிராம் கோடுதான் தப்பு.”

சொன்னது ஃபரீதா. கோவளத்துப் பெண். இந்த ஃபைல் சிஸ்டத்தின் அடிமட்ட கோடு எழுதுபவர். பாஸ்கர் பார்த்த பார்வையில் ஏசியே தேவைப்படவில்லை.

“புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் நளினி மேடம்.

“நாம எழுதறது நேரா மெமரிக்குப் போவாது மேடம். மொதல்ல பிராசஸர்ல கீற கேஷ்ங்கிற தற்காலிக எடத்துல நிக்கும். அங்கருந்து மெமரிக்குத் தள்ளி வுட்டாத்தான் கரண்ட் போனாலும் தங்கும். மெமரியச் சின்னச் சின்ன பக்கமா வச்சு எழுதினா எங்க கோடு ஒழுங்காத் தள்ளுது. வேகத்துக்காக ஐநூத்தி பன்னெண்டு பக்கத்த ஒண்ணாச் சேத்து ஒரே பெரிய பக்கமாவும் வச்சுக்கலாம். அப்போ தலைப்பக்கத்த மட்டும் தள்ளிட்டு ‘ஓகே’ன்னு சொல்லிடுது.”

“இத்தினி நாளு டெஸ்ட் பண்ணோமே, இன்னாத்துக்கு மாட்டல?” என்று கேட்டார் பாஸ்கர்.

“நாம எழுதிப் பாத்ததெல்லாம் ‘ஹலோ’, ‘வணக்கம்’தானே சார்? தலைப்பக்கத்துலயே முடிஞ்சிடும். உங்க ஸ்பீச்தான் மொத மொதல்ல இவ்ளோ நீளம்.”

பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார் மனிதர்.

நளினி மேடம் சிரிக்கவில்லை. “ஃபைல் மொத்தமா போயிருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். ஒரு பேஷண்ட்டோட ரிப்போர்ட்ல பேரும் வயசும் மட்டும் நின்னு, மத்தது போயிருந்தா? சரியா இருக்குன்னுதானே நெனச்சிருப்போம்?”

மேடம் ஃபரீதா பக்கம் திரும்பினார்.

“சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“மாத்தறது ஒரே வரி. ‘ஒரு பக்கத்தத் தள்ளு’ன்னு கீறத ‘சேத்து வச்ச மொத்தத்தையும் தள்ளு’ன்னு ஆக்கணும். ஆனா மொத்த கோடையும் திரும்பக் கட்டற பில்டு முடிய மத்தியானம் ஆயிடும்.” ஃபரீதா தயங்கினார். “அதுவரைக்கும்... எங்க வூட்ல இன்னிக்கு பிரியாணி. வர்றீங்களா மேடம்?”

டீமின் தலையெழுத்து தொங்கும் நேரத்தில் பிரியாணியா? ஆனால் மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஃபரீதா அந்த வரியை மாற்றி பில்டை ஓடவிட்டதும் ஆபீஸ் கேப் கோவளம் புறப்பட்டது.

ஃபரீதாவின் அம்மா எல்லோருக்கும் அள்ளி அள்ளி வைத்தார். பாஸ்கர் மட்டும் கோழியை முறைத்துக்கொண்டு ஏதோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

“அந்த சாரு ஏன்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறாரு?”

“அவரு பேச்சு காணாம போயிடுச்சும்மா.”

“நல்லாத்தானே பேசிகினு கீறாரு?”

நளினி மேடம் சிரித்தது அப்போதுதான். புரையேறும் அளவுக்கு!

திரும்பி வந்து மறுபடி சோதனை. இந்த முறை மேடம் தன்னுடைய பெரிய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றை ஏற்றினார். பிளக்கையும் அவரே பிடுங்கினார். மெஷின் எழுந்ததும் முதல் பக்கத்தை அவர் சீந்தவே இல்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார். இருந்தது. பிறகு நடுவில் தேடினார். அங்கேயும் இருந்தது.

“ஒரு சென்டர்ல போட்டுப் பாக்கலாம்” என்றார். “ஆனா ஃபரீதாதான் வந்து போடணும். வோல்டேஜ் கதையோட நிறுத்தியிருந்தீங்கன்னா, நான் பாட்டுக்குக் கிளம்பியிருப்பேன்.”

பாஸ்கர் தலையாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை — சரித்திரத்தில் முதல் முறை.

நினைத்துப் பார்த்தால் நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? விருந்தாளி வருகிறார் என்றால் ஹாலை மட்டும் பெருக்கிவிட்டு ‘வீடு சுத்தம்’ என்கிறோம். வாட்ஸ்அப்பில் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துகிறோம். யாராவது ‘முடிந்தது’ என்றால் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான் நல்லது.

நானும் திருந்திவிட்டேன். மறுநாள் வேறொரு பத்தியை அனுப்பிய கையோடு எடிட்டருக்கு போன் போட்டு, “கடைசி வரி வந்துச்சா சார்?” என்று கேட்டேன்.

“வந்துச்சும்மா... நடுவுலதான் நான் கொஞ்சம் வெட்டிட்டேன்!”