வேலிக்கு அப்பால் கேட்ட ஆமென்

போன கிழமை மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். நான் அடுப்பில் புட்டு வைத்திருந்தேன்.

"அம்மா, எங்கட சபையில தாய்மார் கூட்டத்தில என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. வேலைக்கும் போய், புள்ளையளையும் பாத்துக்கொண்டு, விசுவாசத்த மத்தவங்களுக்கு எப்பிடிச் சொல்லுற எண்டு. நீங்க அப்ப என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்டும் செய்யல்ல மகள்," என்றேன். அடக்கத்தில் சொன்னதில்லை. செய்யப் போய்ச் சொதப்பின ஆள் நான்.

புட்டு ஆவி முகத்தில் பட்டால் எனக்கு நாவற்குடாவில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் காலைகள்தான் ஞாபகம் வரும். கணவருக்கு அம்பாறையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். எனக்கு அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் உத்தியோகம். ஆறரைக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு கட்டி, தலை இழுத்து வாரி, குசினி வாசலில் நிற்கவைத்து ஒரு செபம். செபம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். "ஆண்டவரே, பஸ் பிந்தக்கூடாது, இவனுக்குக் கணக்கு வரவேணும், ஆமென்" என்ற அளவுதான். அதற்கு முன் வீடு அதிரக் கத்தியிருப்பேன். சிலநாள் தேவையில்லாமல் அடித்தும் இருப்பேன். அப்படியான நாளில் செபத்தோடு சேர்த்துப் பிள்ளையிடமும், "அம்மா கோவத்தில அடிச்சிட்டன், மன்னிச்சிரு ராசா" என்று கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறப்பேன்.

அந்த வாசலுக்கு நாலைந்து எட்டுத் தள்ளித் தென்னோலைக் கிடுகுவேலி. வேலிக்கு அங்கால் புவனாக்கா. புருசன் கட்டாரில், ஏழு வயதில் தர்ஷி என்றொரு மகள், தவழ்கிற வயதில் ஒரு மகன். கறிவேப்பிலையும் உறைமோரும் வேலியில் விழுந்த பொட்டுக்குள்ளால் போய்வரும் பழக்கம் எங்களுக்கு.

அதைக் கெடுத்தவள் நான்தான். ஒருநாள் தாய்மார் கூட்டத்தில் போதகரின் மனைவி எல்லாருக்கும் சுவிசேஷக் கைப்பிரதிகள் தந்து, "அடுத்த மாதம் வரும்போது ஆருக்குச் சொன்னீங்க எண்டு சாட்சி சொல்லவேணும்" என்றார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்வரை அவை என் கைப்பையிலேயே கிடந்தன. கடைசியில் பயத்தில், கறிவேப்பிலையோடு ஒன்றைச் சேர்த்து வேலிக்குள்ளால் நீட்டினேன். புவனாக்கா வாசித்தார். முகம் மாறியது.

"இதுக்குத்தானா தங்கச்சி இவ்வளவு நாளும் பழகினீங்க?"

அதன்பிறகு வேலிப் பொட்டுக்கு அவர் ஒரு கிடுகை வைத்துக் கட்டிவிட்டார். கூட்டத்துக்கு நான் தலையிடி என்று போகவில்லை.

மாரிமழை தொடங்கிய நேரம் தர்ஷிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள் என்று ஒழுங்கையில் ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். போகலாமா? போனால், ஆள் பிடிக்க நல்ல சமயம் பார்த்து வந்திருக்கிறாள் என்று நினைத்தால்? ஒரு பகலும் முழுக்க அந்தக் கேள்வியோடு கோப்புகளைத் தப்புத்தப்பாக அடுக்கினேன். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புவனாக்கா ஒரு கையில் சின்னவனை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தர்ஷியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவனை வாங்கி இடுப்பில் வைத்தேன். "இவன் என்னோட இரிக்கட்டும்" என்றேன். அவர் தடுக்கவில்லை.

நான்கு நாள் லீவு போட்டு அவனைப் பார்த்தேன். மத்தியானங்களில் அவனையும் தூக்கிக்கொண்டு கஞ்சி கொண்டுபோனேன். கடவுள் என்ற சொல்லே என் வாயில் வராதபடி கவனமாக இருந்தேன். மூன்றாம் நாள் பிளேட்லட் நன்றாக இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். புவனாக்கா என் கையைப் பிடித்தார்.

"ஏன் தங்கச்சி நீங்க செபிக்கல்ல?"

"உங்களுக்குப் பிடிக்காதே அக்கா."

"எனக்கு அந்தக் கடதாசிதான் பிடிக்கல்ல. நீங்க காலையில செபிக்கிறது எங்களுக்குக் கேக்கும்தானே. இவளும் வேலிக்கு இங்கால நிண்டு ஆமென் எண்டு சொல்லிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் போறவள்." என் கையை விடாமலே சொன்னார்: "நீங்க பெத்த புள்ளையிட்ட மன்னிப்புக் கேக்குறதும் கேக்கும். என்னட்ட ஒருநாளும் ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்ல. நான் அதை எத்தினையோ தரம் யோசிச்சிருக்கன்."

அதிரக் கத்தினதும் கேட்டிருக்குமே என்று எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. பிறகு தர்ஷியின் நெற்றியில் கைவைத்து, நான்கு வசனம் செபித்தேன். கட்டிலில் இருந்து மெல்லிய ஆமென் ஒன்று வந்தது.

அடுத்தநாள் காலை பிளேட்லட் ஏறத் தொடங்கியது. டாக்டரும் தாதிமாரும் கண்விழித்துப் பார்த்த பிள்ளை. என் நான்கு வசனத்துக்கு அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தச் செய்தி கேட்டபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் நானும் புவனாக்காவும் தரையிலேயே இருந்து அழுது, பிறகு ஏன் என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படியொரு ஆறுதலை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. வீடு வந்த அன்றே அவர் கட்டிய கிடுகை அவரே அவிழ்த்தார். களுதாவளைப் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்திக்கு அவர் போனபோது, சின்னவனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கூடப் போனவள் நான்.

அடுத்த கூட்டத்தில் என் முறை வந்தது. "நான் ஆருக்கும் சொல்லல்ல. புவனாக்காதான் எனக்குச் சொன்னா," என்று நடந்ததைச் சொன்னேன். போதகரின் மனைவி, "எனக்கும் என்ர மகனிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கக் கிடக்கு," என்றார். மீதிக் கைப்பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைவீசி வீட்டுக்கு நடந்தேன்.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி முடிக்கும்போது புட்டுப் பானையில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிட்டது. புவனாக்கா குடும்பம் இப்போது ஆரையம்பதியில். அவர்கள் போவதற்கு இரண்டு வருடம் முன்பே கிடுகுவேலியைத் தள்ளிவிட்டு மதில் கட்டியாயிற்று. இரண்டு வீட்டாரும் சேர்ந்துதான் கட்டினோம். மாரிக்கு மாரி கிடுகு உக்கி இத்துப்போகிறது, வேறு வழியில்லை. மதில் எழும்பிய முதல் காலை, வழக்கம்போலப் பிள்ளைகளை நிறுத்திச் செபித்தேன். பாதியில் மகன் கண்ணைத் திறந்தான்.

"ஏனம்மா கத்துறீங்க? இயேசப்பாவுக்குக் காது கேக்காதா?"

"அவருக்குக் கேக்கும் ராசா," என்றேன். "மதிலுக்கு அங்காலயும் கேக்கவேணுமே."