கியாசுதீன் பாயின் சாட்சி நோட்டு

ஜிப்பாவின் வலது பையை முதலில் வெளியே இழுப்பார். பிறகு இடது பை. இரண்டும் ஆட்டுக் காது மாதிரி தொங்கும். உள்ளங்கைகளை விரித்து, புறங்கையைக் காட்டி, மறுபடியும் விரிப்பார். அப்புறம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு முழங்கை வரை கழுவிக்கொள்வார். இத்தனையையும் பெட்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததே என்று அவர் உள்ளே போய்விட்டால் கூப்பிட்டு அனுப்புவார். "பாத்துக்கிட்டீங்களா? மெழுகு இல்லை, சோப்பு இல்லை. உங்க சாவியோட அச்சு எதுவும் என்கிட்ட இல்லைங்க" என்று சொன்ன பிறகுதான் சைக்கிளை எடுப்பார்.

திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் கியாசுதீன் பாய்க்கு இரும்புப் பெட்டி பழுது பார்ப்பதுதான் தொழில். கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை நகைக் கடை, ஜவுளிக் கடை, மண்டி, மடம் எங்கே பெட்டி மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் ஆள் போகும். ஊரில் பாதிப் பெட்டிகள் எப்படித் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். நமக்கெல்லாம் அது அவருடைய கெட்டிக்காரத்தனம். அவருக்கோ அதுவே பயம்.

ஆள் ஒல்லி. ஐம்பது வயதுக்குப் பத்து கூடச் சொல்லலாம். ஒரு தகரப் பெட்டியில் கோழி இறகு, வளைந்த கம்பிகள், பெண்கள் பொட்டு வைத்துக்கொள்ளும் வட்டக் கண்ணாடி, அரங்கள், பென்சில் முனையைச் சுரண்டி எடுத்த தூள், இவ்வளவுதான் ஆயுதம். பூட்டுக்குள் எண்ணெய் விட்டவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் தலைக்கு, பூட்டுக்குப் பென்சில் தூள் என்பார். சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிற வீடுகளில் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "திருடனுக்குச் சாமி கும்பிடத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்காதவர்களிடம் இன்னும் கோபம். தூக்கிக்கொண்டு போகிறவனுக்குச் சாவி எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே, கூலி கேட்காமல் போல்ட்டை முடுக்கிவிட்டுப் போவார்.

கடைசி அயிட்டம் அந்த நோட்டு. நாற்பது பக்கம், அட்டையில் பிள்ளைகள் ஒட்டுகிற மாதிரி லேபிள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: இன்ன தேதி, இன்ன இடம், பூட்டில் இன்ன பழுது, என் முன்னிலையில் திறந்து மூடப்பட்டது. கீழே யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டிக்குச் சொந்தக்காரர்தான் போட வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "யோக்கியமான ஆளு போட்டாப் போதுங்க. கையெழுத்தா, ரேகையான்னு நான் பாக்கறதில்லை" என்றார்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் இருக்கிறது. ஐம்பத்து மூன்றாம் வருஷம் தென்னூரில் ஒரு வீட்டுப் பெட்டி உடைக்காமல் திறக்கப்பட்டு, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. உடைக்காமல் திறக்கத் தெரிந்தவன் யார்? இரண்டு மாதம் முன்பு அதே பெட்டியைச் சரி செய்த கியாசுதீன். போலீஸார் அவரைக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்காரருடைய சொந்தத் தம்பி தஞ்சாவூரில் வளையலோடு அகப்பட்டான். பாயைப் போகச் சொல்லிவிட்டார்கள். இடது கைச் சுண்டுவிரல் அதன் பிறகு மடங்குவதில்லை. அதைப் பற்றிக் கேட்டால் அரம் பட்டுவிட்டது என்று சொல்லிவிடுவார். சாரா பீவி, அவர் மனைவி, ஒருநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னதுதான் இந்தக் கதை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பார். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் முதல் வரிசையில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். தொழுகை முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டீக்கடையில் போய் உட்கார்வார். வாசலில் நிற்கிற ஏட்டு இவரைப் பார்க்கிற வரை டீ ஆறிக்கொண்டே இருக்கும். பார்த்துவிட்டால் ஒரே மடக்கு. "ஏட்டய்யா பாத்துட்டாரு. இனிமே வூட்டுக்குப் போவலாம்" என்பார். நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சிரித்தது தப்பு.

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய நிதிக் கம்பெனியில் செக்ரடரி. அங்கத்தினர்கள் பத்திரத்துக்கு வைத்த நகைகள் ஒரு பெரிய இரும்புப் பெட்டியில் இருந்தன. ஒரே சாவி. அது என் அரைஞாணில். பியூன் மருதைக்கு அந்தப் பெட்டி மகாலட்சுமி. வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்குச் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டமே போடுவான். சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்துவிடும். எனவே வருஷா வருஷம் விஜயதசமிக்கு மறுநாள் பாய் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருவார், கோழி இறகை மண்ணெண்ணெயில் நனைத்துத் துவாரத்தைச் சுத்தம் செய்வார், மருதையோடு சண்டை போடுவார், போவார்.

ஐம்பத்தேழில் புதுக்காசு வந்ததற்கு மறு வருஷமும் அப்படித்தான் வந்தார். துவாரத்தை முடித்துவிட்டுச் சாவியை வாங்கினார். அதன் பல் இடுக்கிலும் மஞ்சளாக ஏதோ அடைந்திருந்தது. ஈர விரலால் தேய்த்தவர் நின்றுவிட்டார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். என் பக்கம் விரலை நீட்டினார். நுனியில் நுரை.

"சந்தனம் நுரைக்காதுங்க, சாமி" என்றார், மிக மெதுவாக.

சோப்புக் கையோடு சாவியைத் தொட்டிருப்பேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. "கைச் சோப்பு வழுக்கிட்டுப் போயிடும். இது ரெண்டு பக்கமும் அழுத்தி வச்ச சோப்பு. மூலை மூலையா ஏறியிருக்கு. குளிக்கறப்ப சாவியைக் கழட்டி வைப்பீங்களா?"

கழற்றி வைப்பேன். கிணற்றடிக்குப் போகுமுன் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைப்பேன். வீட்டில் இருந்தது நான், என் மனைவி, வேலை தேடுகிறேன் என்று வந்து எட்டு மாதமாகத் தங்கியிருந்த அவள் தம்பி. மத்தியானம் எனக்கு டிபன் காரியரில் சாப்பாடு கொண்டுவருகிறவனும் அவன்தான். நான் பின்கட்டில் சாப்பிட்டு முடிக்கும் வரை பெட்டி இருக்கிற அறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். கேஷியர், குமாஸ்தா, மருதை எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிற நேரம்.

நான் இதில் ஒன்றையும் வாயால் சொல்லவில்லை. என் முகத்தில் பாய் படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அரத்தைத் தகரப் பெட்டியில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அடுத்த மாதக் கடைசியில் மகள் கமர் ஜஹானுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் மணப்பாறையில் கடை வைத்திருப்பவர்கள், பெயருக்குப் பயந்தவர்கள். இந்தப் பெட்டியில் ஒரு மூக்குத்தி காணாமல் போனாலும் முதலில் ஆள் போவது பட்டறைக்குத்தான். கடைசியாகப் பூட்டில் கை வைத்தவர் அவர். நோட்டு அதைச் சொல்லும்.

வெளியே போய்ச் சைக்கிள் அருகில் சிறிது நேரம் நின்றார். போய்விடுவார் என்றே நினைத்தேன். போயிருந்தால் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. திரும்பி வந்து பூட்டை அக்கக்காகக் கழற்றினார். உள்ளே ஆறு பித்தளைத் தகடுகள்; சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்க வேண்டும். தகடுகளின் வரிசையை மாற்றி அடுக்கி, அதற்கேற்ப அங்கேயே உட்கார்ந்து ஒரு புதுச் சாவி அராவினார். பழைய சாவியின் பற்களை என் கண் முன்னால் மழித்துத் தள்ளினார். கேஷியர் ஆளவந்தார் எட்டிப் பார்த்து என்ன இத்தனை நேரம் என்று கேட்டதற்கு ஸ்பிரிங் போய்விட்டது என்றார் பாய். நோட்டிலும் அதையே எழுதினார்; அதில் ஏறிய முதல் பொய் அது. கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

கிளம்பும்போது மருதையைக் கூப்பிட்டு, இனிமேல் சந்தனம் வைக்கும்போது துவாரத்தின் மேல் ஒரு வெற்றிலையை வைத்து மூடிக்கொள்ளச் சொன்னார். மருதை சரி என்றான். பிறகு என்னைத் தனியே அழைத்தார். "பூட்டை மாத்திட்டேன், சாமி. ஆளை நீங்கதான் பாக்கணும்."

நான் பார்க்கவில்லை. குளிக்கும்போதும் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன், அவ்வளவுதான் என் வீரம். மைத்துனனைக் கேட்டால் அது நிஜமாகிவிடும். மனைவியிடம் சொன்னால் வீடு இரண்டாகிவிடும். காரியர் தினமும் வந்தது. நானும் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் பெட்டி அறையிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு சாப்பிட்டேன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. என் மனைவியும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறாள். ஆறு வருஷம் வாய் திறக்காதவன் இப்போது அச்சில் திறக்கிறேன், அவளும் படிக்கட்டும்.

கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. சாவி பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. துறையூரிலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்கு நகையை எடுத்துப்போக வந்து உட்கார்ந்திருந்தாள். கேஷியர் முயன்றார், குமாஸ்தா முயன்றார். நிதியின் தலைவர், ரிட்டயரான தாசில்தார், விசிறிக்கொண்டே வந்து சேர்ந்தார். மருதை போய்ப் பாயை அழைத்து வந்தான். வரும் ஞாயிறு நிக்காஹ். தலையில் எண்ணெய் தடவி, மீசையைத் திருத்தி, மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியவர் அப்படியே வந்திருந்தார்.

"ஒரு மாசத்திலே ரெண்டு தடவை. என்னமோ சரியாப் படலை. போலீஸ்லே ஒரு வார்த்தை சொல்லி வச்சுடலாமா, செக்ரடரி?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

பாய் மண்டியிட்டுக் கொண்டிருந்தார். வட்டக் கண்ணாடியைத் துவாரத்தருகே பிடித்து, கம்பியை உள்ளே விட்டார். சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிஷம் துழாவினார். கம்பி நுனியில் எதுவோ வந்தது. கையை மூடிக்கொண்டார். சாவியைப் போட்டுத் திருப்பினார். பெட்டி திறந்தது. ஆளவந்தார் பட்டியலோடு ஒவ்வொரு பையாகச் சரி பார்த்தார். எல்லாம் வைத்தபடியே இருந்தன. துறையூர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாய் எழுந்து சாவியை என் கையில் கொடுத்தார். என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். சாவியோடு இன்னொன்றும் உள்ளங்கையில் உறுத்தியது. பார்க்காமலே தெரிந்தது: ஈயம். ஈயத்தில் வார்த்த சாவியின் ஒடிந்த முனை. பழைய சாவியின் பற்கள். சனிக்கிழமை மத்தியானம் நான் மோர் சாதம் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது ஒடிந்திருக்கும்.

"என்னதான் அடைச்சிண்டிருந்தது?" என்றார் தலைவர்.

பாய் வலது பையை இழுத்து வெளியே விட்டார். இடது பையை இழுத்தார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். பிறகு பைகளை உள்ளே தள்ளாமல் அப்படியே நின்றார், என்னைப் பார்த்துக்கொண்டு. என் வீட்டு ஆள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு ஆயுசுக்கும் பயமில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"சந்தனம்" என்றேன் நான்.

தலைவர் மருதையின் பக்கம் திரும்பினார். தலை நரைத்த அந்த மனுஷனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, மூளை இருக்கிறதா என்று கேட்டார். இனிமேல் பெட்டி இருக்கிற அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றார். "வெத்தலை வச்சு மூடித்தாங்க வச்சேன். ஒரு சொட்டுகூட உள்ளே போவலைங்க" என்று மருதை இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. போலீஸ் பேச்சு அதோடு நின்றது. என் உள்ளங்கையில் ஈயம் சூடாகிக்கொண்டே வந்தது.

பாய் பைகளை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டார். கை கழுவினார். தகரப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி எழுதினார், இடம் எழுதினார். பழுது என்ன என்கிற இடத்தை வெறுமனே விட்டார். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டு கையை நீட்டினேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். ஆளவந்தாரின் மேஜையிலிருந்த மைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய், அங்கே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மருதையின் எதிரே குந்தி உட்கார்ந்தார். அவன் இடது கையைப் பிடித்து, பெருவிரலில் மை தடவி, நோட்டில் வைத்து அழுத்தினார்.