காற்றுப் பிடி யார் கையில்

ஆஸ்திரேலியாவில், கிரான்பர்னில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் புது வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினோம். காரணம், வரவேற்பறையில் இருந்த வூட் ஹீற்றர், வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பு. கறுப்பு இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, அதற்குக் கீழே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னப் பிடி. வீடு பார்க்கப் போன அன்று என் கணவர் படுக்கையறைகளை எட்டிப் பார்த்ததோடு சரி. மிச்ச நேரமெல்லாம் அடுப்பின் முன்னால் குந்தியிருந்து அந்தப் பிடியை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார்.

அவருடைய தொழிலை இங்கே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கும் பொறியியலாளர் அவர். எந்த அறைக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும், அது எந்த வழியால் வெளியேற வேண்டும் என்று பகல் முழுக்கக் கணக்குப் பார்ப்பவர். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்புக்குப் போகும் காற்றை மறிப்பார்.

அவருடைய கொள்கை எளிமையானது. காற்றைக் குறைத்தால் விறகு மெதுவாக எரியும், மெதுவாக எரிந்தால் விடியும்வரை சூடு நிற்கும். ஆகவே விறகைப் போட்ட கையோடு பிடியை அடியோடு மூடிவிடுவார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நெருப்புக்குத்தான் அது விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவாலை படுத்துவிடும். விறகு சீறும், வெட்டுமுனைகளில் நுரை தள்ளும். கண்ணாடி மண்ணிறமாகி, பிறகு தார் பூசியது போலக் கறுத்துவிடும். காலையில் பெட்டிக்குள் அரைகுறையாய்க் கருகிய கட்டைகள் கிடக்கும்.

"பாத்தீரே, விறகு இன்னும் மிச்சம் இருக்கு. எவ்வளவு நேரம் நிண்டிருக்கு!" என்பார், குளிரில் ஆவி பறக்கும் வாயோடு.

"விறகு நிண்டது சரி. சூடு எங்க போச்சு?"

"நீர் இடையில திறந்திருப்பீர்."

உண்மையில் நான் திறப்பதுண்டு. நான் திறப்பேன், அவர் வந்து மூடுவார். ஒருநாள் அவரை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகைக்குழாயைக் காட்டினேன். மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் தடித்த புகை, மேலே போக மனமில்லாமல் கூரையில் வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"அது புகை இல்லையப்பா, நீராவி" என்றார்.

பக்கத்து வீட்டில் தனியாக ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு மணம் போகக்கூடாது என்பதற்காகவே நாங்கள் கராஜுக்குள் தனியாக ஒரு காஸ் அடுப்பு வைத்து, கதவை இறக்கிவிட்டு மீன் பொரிப்பவர்கள். அவ்வளவு கண்ணியமானவர்கள். அந்த நீராவி வேலிக்கு மேலால் நேரே அவர் காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்குள் போனது. அவர் சண்டை பிடிக்கவில்லை. விரிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "உங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஓ, நல்ல சுகம்" என்றார் என் கணவர். இந்த ஊரில் ஒருவர் அப்படி அன்பாக விசாரித்தால் நிலைமை மோசம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை சில குடும்பங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார்கள். என் கணவர் அடுப்பின் முன் நின்று எரிதலின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். விருந்தினர்கள் கோட்டைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வீதியால் போன யாரோ ஒருவர், கூரையில் புகையைக் கண்டு வீடு எரிகிறது என்று அறிவித்திருக்கிறார்.

தலைக்கவசம் போட்ட இருவர் உள்ளே வந்து பார்த்தார்கள். வீடு எரியவில்லை, அடுப்பும்தான் எரியவில்லை. அவர்கள் மரியாதையாக, "புகைக்குழாயைத் துப்புரவாக்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அவை இடைக்கிடை வந்து செக் பண்ணுறவை" என்றார் என் கணவர் விருந்தினர்களிடம். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை ஒருவர் வந்து குழாயைச் சுரண்டினார். வாளி நிறையக் கறுப்புச் செதில்கள், கருகிய அப்பளத்தை நொறுக்கியது போல. அதெல்லாம் ஒருநாள் குழாய்க்குள்ளேயே பற்றியிருந்தால் தீயணைப்பு வண்டி வந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். என் கணவர் வாளியை எட்டிப் பார்த்து, "பழைய ஆக்கள் விட்டிட்டுப் போன ஊத்தை" என்றார்.

அதன் பிறகு அவருக்குச் சிட்னியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டட வேலை வந்தது. செவன் ஹில்ஸில் இருக்கும் தம்பி வீட்டில் சில கிழமைகள் தங்கப் போனார். போகும்போது தாலியைப் பார்த்துக்கொள் என்பது போல அந்தப் பிடியை மூடியே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் பழக்கம். முதலில் விறகை மாற்றினேன். அதை அவர் மழைக்குப் போடும் தறப்பாளால் தலை முதல் கால்வரை போர்த்திக் கட்டியிருந்தார். உள்ளே எல்லாம் வியர்த்துப் பூசணம் பிடித்திருந்தது. பக்கங்களைத் திறந்து, மேலே மட்டும் மூடினேன். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்றது, ஈரமானது தொப்பென்றது. காய்ந்ததைப் பொறுக்கி வெயில் விழும் சுவரோரம் அடுக்கினேன். நான் முற்றத்தில் நின்று கட்டைகளைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி யன்னலால் பார்த்துவிட்டுத் திரையை மூடினார்.

காய்ந்த கட்டைகளை எரித்ததும் சீறலும் நுரையும் நின்றன. ஆனால் மூடியவுடன் சுவாலை படுப்பது நிற்கவில்லை. ஆகவே அடுத்ததாகப் பிடியில் கைவைத்தேன். தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, பெரிய கட்டைகளைப் பின்னால் நெருக்கி அடுக்கி, பிடியை முழுதாகத் திறந்து வைத்தேன். அவர் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார். நெருப்பு இரைந்து எரிந்தது. கட்டைகள் எல்லாப் பக்கமும் கறுத்துப் பற்றும்வரை விட்டேன். பிறகு கொஞ்சம் குறைத்தேன். காத்திருந்து இன்னும் கொஞ்சம். சுவாலை சுருங்கிக் கண்ணாடி மங்கினால் பிடியைத் திரும்ப ஒரு விரல் அளவு திறந்துவிட்டேன். ஒருபோதும் முழுக்க மூடவில்லை. ஒவ்வொரு முறையும் அவருடைய பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடிப் புகைக்குழாயைப் பார்த்தேன்.

"வீட்டுத் திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாயா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார் பெண்மணி.

"இல்லை, புகை பார்க்கிறேன்" என்றேன்.

அவரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார். குழாய்க்கு மேலே காற்று மட்டும் கானல் போல நடுங்கியது. "ஒன்றும் இல்லையே" என்றார். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பாராட்டு அதுதான்.

முதலில் நன்றாகப் பற்றவிட்ட நெருப்பு, பிறகு எவ்வளவு மெதுவாக எரியச் சொன்னாலும் கேட்டது. கட்டைகளின் மேல் சுவாலை சோம்பலாக ஆடியது. காலையில் சாம்பலைக் கிளறினால் கீழே சிவந்த தணல். சின்னச் சிராய்களைப் போட்டால் நெருப்புக்குச்சி இல்லாமலே பிடித்தது. வீடு சூடாக இருந்தது.

வீடியோவில் என் கணவர் தினமும் கேட்டார், "பிடியைக் குறைச்சனீரே?"

"ஓம், குறைச்சனான்." குறைத்தேன்தான். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

அவர் திரும்பிய அன்று காரிலிருந்து இறங்கியதும் கூரையைப் பார்த்தார். "நெருப்புப் போடேல்லையே? குளிருக்குள்ளயே இவ்வளவு நாளும் இருந்தனீர்?" என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தவர், கதவடியிலேயே ஜக்கெற்றைக் கழற்றினார். ஏசியில் சூட்டைப் போட்டிருக்கிறேனோ என்று சுவரைப் பார்த்தார். பிறகு அடுப்பின் முன் குந்தி, தெளிந்த கண்ணாடிக்குள் ஆடும் சுவாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை தானாகப் பிடியை நோக்கிப் போனது.

"கையை எடுங்கோ."

எடுத்தார். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானே நான் முதல்லயே சொன்னனான். மெதுவா எரியவேணும் எண்டு" என்றார்.

அடுத்த குளிருக்கு அதே விருந்தினர்கள் திரும்ப வந்தார்கள். நான் குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்க, வரவேற்பறையில் அவர் குரல் கேட்டது. "கன பேர் விடுற பிழை என்னெண்டால், போட்ட உடன மூடுறது. முதல் நல்லா எரியவிடவேணும். இது எஞ்சினியரிங்." கோட்டைக் கழற்றியிருந்த ஓர் அன்ரி உள்ளே வந்து, "உமக்கென்ன பிள்ளை, அவர் எல்லாம் ஆராய்ஞ்சு வைச்சிருக்கிறார்" என்றார்.

"ஓம் அன்ரி. நல்லா ஆராய்ஞ்சவர்" என்றேன்.

சற்று நேரத்தில் அவரே குசினி வாசலுக்கு வந்தார். பின்னால் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இஞ்சரும், புதுக் கட்டை போட்டனான். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். இப்ப குறைக்கலாமே?"

நான் அடுத்த அப்பளத்தை எண்ணெய்க்குள் விட்டேன். அது பொங்கிப் பொன்னிறமானதும் வடித்தெடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் எரியட்டும்" என்றேன்.