ஏலியம்மா சிஸ்டர் வரைந்த வட்டம்

கோமதி,

டெட்டாலும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு மணம்... சின்னக்கானல் எஸ்டேட் ஆஸ்பத்திரி என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். போன வருஷம் ஆடி மழையில் நெஞ்சுச் சளி முற்றி அம்மாவை அங்கே சேர்த்திருந்தோம். நீங்கள் போடிக்கு இறங்கிப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அதனால் உனக்கு இதெல்லாம் தெரியாது.

அக்கா தூங்கட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன். அவளுக்கும் இதைச் சொன்னதில்லை.

ஏலியம்மா சிஸ்டர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். மற்றவர்களுக்கு அம்மா நாலாம் நம்பர் கட்டில். இவருக்கு மட்டும் "முத்துலட்சுமி அம்மே". கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருப்பார். உறக்கம் வருகிறதா? கஞ்சி இறங்குமா, சோறு இறங்குமா? எந்தச் சாமியைக் கும்பிடுவீர்கள்? யாரை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது?

பக்கத்துக் கட்டில் பேச்சி மதினிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சிஸ்டரு, பொண்ணு பாக்க வந்தவ மாதிரில்லா கேக்கீய. மாப்பிள எந்த ஊரு?"

"மாப்பிள பின்னே வரும்," என்று சிஸ்டர் சிரித்தார். "இப்போ இவங்கள எனக்கு முழுசா அறியணும்."

ஒருநாள் அந்த நோட்டை எனக்குக் காட்டினார். பக்கத்தின் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் அம்மா பேர். சுற்றிலும் கோடுகள். உடம்பு, மனசு, வீடு, வேலை, சாமி, பயம்.

"நர்சிங் படிக்கும்போ எங்க டீச்சர் பறஞ்சு தந்தது, மோளே. நெஞ்சு மட்டுமா இங்க வந்து கிடக்குது? ஆளு முழுசும் இல்லே கிடக்குது. அப்போ முழுசும் நோக்கணும்."

சொன்னதோடு விடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தால் அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்ததும், கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். அங்கிருந்து பார்த்தால் அம்மா கொழுந்து எடுக்கும் மலை தெரியும். கருப்பட்டி போட்டு, பால் இல்லாமல் கட்டன்சாயா வைத்துக் கொடுத்தார். மூன்று நாளாக ஒன்றும் இறங்காத அம்மா அன்று அரை டம்ளர் குடித்தாள்.

'பயம்' என்ற கோடு மட்டும் வெறுமையாகவே கிடந்தது.

எப்படிச் சொல்வோம்? நோட்டை வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்டால் அது ஆபீசுக்குப் போகும், செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டுவார்கள், வேலை போய்விடும். எஸ்டேட்டில் பிறந்த நமக்குத் தெரிந்தது அதுதானே. உங்கள் அய்யா இருமும்போது ரத்தம் வருகிறது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார். பதினைந்து நாளில் நீங்கள் லயத்து அறையைக் காலி செய்தீர்கள். நீ புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்தாய்... அன்று சாயங்காலமே உங்கள் அறையில் வேறு யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா பேரில்தான் அறை. அம்மாவுக்கும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தத் துணிகளை ஓடையில் அலசியது நான்தான்.

சிஸ்டர் ஒருநாள் மூடி போட்ட சின்னத் தகர டப்பா ஒன்றை என் கையில் தந்தார். காலையில் எழுந்ததும் அம்மா துப்பும் சளியை அதில் பிடித்துத் தர வேண்டும். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்ப்பார்களாம்.

"ரத்தம் உண்டோ, மோளே?"

"இல்ல சிஸ்டர்."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அம்மா மெதுவாக, "ஏட்டி, அறை போயிரும்," என்றாள்.

மறுநாள் விடியும்போது வராந்தா மூலைக்குப் போய், அந்த டப்பாவில் நான் துப்பினேன். நிஜம் போல இருக்கட்டும் என்று இருமி இருமித் துப்பினேன்.

பத்து நாள் கழித்து, ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. டாக்டர் மழைச் சளி என்று மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பினார். சிஸ்டருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. டூட்டி முடிந்து லயத்துக்கே வந்து, வாசற்படியில் உட்கார்ந்து மறுபடி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்றேன்.

குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

புரட்டாசியில் அம்மா தேயிலைக் காட்டிலேயே ரத்தம் கக்கினாள். ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள். நாலாம் நாள் இறந்துபோனாள்.

மாற்றலாகிப் போவதற்கு முன் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அம்மாவின் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'பயம்' என்ற கோட்டில் பென்சிலால் மலையாளத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'அறை போய்விடும் என்றா?' அதற்குக் கீழே, 'ரத்தம் உண்டென்றால், அறையை எடுக்காதிருக்க மேனேஜரிடம் டாக்டர் பேச வேண்டும். டாக்டர் சம்மதித்தார்.'

"ஆபீசுக்கு எழுதினதல்ல மோளே. அம்மைக்கு வேண்டி எழுதினது. நீங்க ஒரு வார்த்தை பறயும்னு காத்திருந்தேன்."

டப்பாவைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது அந்தக் கட்டிலை மறுபடி சுவரோரம் தள்ளிவிட்டார்கள். புது சிஸ்டர் நல்லவர்தான். ஆனால் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். நோட்டும் இல்லை, வட்டமும் இல்லை. அன்றைக்கு அவர் கேட்கக் கேட்க எப்போது நிறுத்துவார் என்று இருக்கும். இன்றைக்கு யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கிறது...

எனக்கு இரண்டு மாதமாக இருமல், கோமதி. நேற்று ரத்தம் வந்தது. அறை இப்போது அக்கா பேரில். அவள், "துணிய வாயில வச்சு இருமு ஏட்டி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்," என்கிறாள்.

கணக்கு நோட்டின் கடைசித் தாளில் நானே ஒரு வட்டம் போட்டு, நடுவில் என் பேரை எழுதினேன். 'பயம்' என்ற கோட்டில் எழுத ஆரம்பித்தேன், தாள் போதவில்லை. அதுதான் இந்தக் கடிதமாகிவிட்டது.

நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய், டப்பா ஒன்று தாருங்கள் என்று கேட்கப்போகிறேன்.

இந்தத் தடவையும் அதில் துப்பப்போவது நான்தான்.